கூறியது கூறலும் உரைத்தாம் என்றலும்

நூலுக்குரிய பத்துக் குற்றங்களை ஆண்டுதோறும் மாணவர்க்கு நாம் கற்பித்து வருகிறோம். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் எனத் தொடங்கும் அப்பட்டியலை மாணவர் மனனம் செய்து தேர்வில் எழுதிவிடுவர். நாமும் மதிப்பெண் இட்டுவிடுவோம். அதே நன்னூற் பாயிரத்தில், குற்றங்களுக்குச் சற்றுப் பின்னே, நூலுக்குரிய முப்பத்திரண்டு உத்திகளைப் பவணந்தி முனிவர் தொகுத்துள்ளார். அவற்றுள் இரண்டு, 'உரைத்தும் என்றல்', 'உரைத்தாம் என்றல்' என்பன. பின்னர்ச் சொல்லவிருப்பதைச் 'சொல்லுவோம்' என்று அறிவித்தல் முன்னது. முன்னர்ச் சொன்னதைச் 'சொன்னோம்' என்று அறிவித்தல் பின்னது.

சொன்னதையே மீண்டும் சொல்லுதல் குற்றம். சொன்னோம் என்று சொல்லுதல் உத்தி. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதை நாம் ஆழ்ந்து எண்ணியதில்லை. அதனை எண்ணுமாறு செய்தவர் நம் பழைய மாணவர் ஒருவர். அவரது இடர்ப்பாட்டை முன்னிறுத்தி, இன்று தமிழாய்வு செய்வார் பலரும் எதிர்கொள்ளும் ஒரு வினாவை ஈண்டு ஆராய விழைகிறோம். தான் முன்னரே கட்டுரையாக வெளியிட்ட எழுத்தைத் தன் ஆய்வேட்டில் ஒருவர் மீண்டும் பயன்படுத்தலாமா என்பதே அவ்வினா.

குருசுக்குப்பத்து மாணவர்

அம்மாணவர் புதுச்சேரி நகரைச் சார்ந்த குருசுக்குப்பத்தில் பிறந்தவர், மீனவக் குடும்பத்தினர். நம் துறையில் இளங்கலை பயின்ற பின் வேறோரிடத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டார். தம் ஊரை ஒட்டிய கடற்கரைக் குப்பங்களில் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து ஆராய்தல் அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

காலத்தாற் செய்த பணி அது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் எழுந்த பின்னர், தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கடல்நீரோட்டம் கொண்டு வரும் மணல் அங்கேயே தடைப்பட்டது. வடக்கேயுள்ள நகரக் கடற்கரையும் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் முதலிய ஊர்களின் கரையும் அரிப்புக்குள்ளாயின. மணல் இருந்த இடத்தில் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கரைவலை இழுப்பதற்கு அகன்ற மணற்பரப்பு வேண்டும். மணல் போயிற்று, வலை போயிற்று, வலையோடு வழங்கிய சொற்களும் முதியோர் சிலரின் நாவில் மட்டும் எஞ்சின. அச்சொற்களை அம்முதியோரின் வாய்மொழியாகவே மாணவர் பதிவு செய்தார். ஆய்வு முடியுமுன்னரே அவர்களுள் சிலர் இறந்தும் போயினர்.

ஆய்வுக்காலத்தில் அவர் கட்டுரைகள் இரண்டினை வெளியிட்டார். காற்றுப் பெயர்களைப் பற்றியது ஒன்று. வலையின் உறுப்புப் பெயர்களைப் பற்றியது மற்றொன்று. ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் இக்கட்டுரைகளின் மேல் எழுந்தவை. ஏடு நிறைவுற்று ஒப்புமை காணும் மென்பொருளில் இடப்பட்டபோது, அளவு பத்து விழுக்காட்டைக் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டது. எவர் எழுத்தோடு ஒத்தது எனப் பார்த்தால், பெரும்பகுதி அவருடைய கட்டுரைகளோடுதான். தம் எழுத்தைத் தாமே திருடியதாகக் குற்றம் சுமத்தப்பட்டவர் போல அவர் நம் இல்லத்திற்கு வந்து அமர்ந்திருந்த காட்சி இன்றும் நம் கண்முன் நிற்கிறது.

நாம் அன்று அவருக்குக் கூறிய அறிவுரையை மறைக்க விரும்பவில்லை. "சொற்களை மாற்றி எழுதிவிடுங்கள், தம்பி, அளவு குறைந்துவிடும்" என்றோம். பலரும் பலர்க்கும் கூறும் அறிவுரை அதுவே. இரு வாரங்களில் அவர் மாற்றி எழுதிக்கொண்டு வந்தார். கொண்டல் என்று இருந்த இடமெல்லாம் கீழைக்காற்று ஆகியிருந்தது. கச்சான் மேலைக்காற்று ஆகியிருந்தது. வலையின் மடி, வலையின் பை என்று மாறியிருந்தது. கடலிற் 'பாடு' இல்லை என்று முதியவர் கூறியது, மீன்பிடிப்பு இல்லை என்று ஆகியிருந்தது. அளவு குறைந்திருந்தது உண்மை. ஆனால் எந்தச் சொற்களைக் காப்பதற்காக அவ்வாய்வு தொடங்கிற்றோ, அந்தச் சொற்களே ஏட்டிலிருந்து நீங்கியிருந்தன. "ஐயா, இது எங்கள் தாத்தா பேசியது இல்லையே" என்றார் அவர். நாம் தலைகுனிந்தோம்.

விதிகள் கூறுவது யாது?

அதன் பின்னரே விதிகளை எடுத்துப் படித்தோம். முன்னரே படித்திருக்க வேண்டும்.

ஆய்வேட்டை அளிக்குமுன் ஆய்வுக் கட்டுரை ஒன்றாவது வெளியிட்டிருத்தல் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள் கூறின. 2016ஆம் ஆண்டு விதிகள் அதனோடு கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரைகள் படித்திருத்தலையும் கட்டாயமாக்கின. 2022 நவம்பரில் வந்த விதிகள் இக்கட்டாயத்தை நீக்கின; இளமுனைவர் பட்டப் படிப்பையும் அவ்விதிகளே நிறுத்தின. ஆக, பல்லாண்டுகள் 'ஆய்வின் ஒரு பகுதியை முன்னரே வெளியிடு' என்று மாணவர் பணிக்கப்பட்டனர்.

இதற்கிடையில் 2018ஆம் ஆண்டு, எழுத்துத் திருட்டைத் தடுக்கும் விதிகளை அதே குழு வெளியிட்டது. ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருப்பின் தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரையாயின், ஆறு மாதத்திற்கு மிகாத காலத்துள் திருத்தி அளிக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரையாயின், திருத்திய ஏட்டை ஓராண்டு வரை அளிக்க இயலாது. அறுபதைக் கடப்பின் பதிவே நீக்கப்படும். வெளியிடு என்று ஒரு விதி கூற, வெளியிட்டதைக் கண்டுபிடிக்கும் கருவியை இன்னொரு விதி கொண்டு வந்தது. இரண்டிற்கும் நடுவில் மாணவர் அகப்பட்டுக்கொண்டனர்.

ஆயினும் விதியை முழுதும் படித்தவர்க்கு வழி அடைபடவில்லை. மூலம் சுட்டி, உரிய இசைவோடு மேற்கோளாக எடுத்தாளப்பட்ட பகுதிகளை ஒப்புமைக் கணக்கில் சேர்த்தல் ஆகாது என்று அவ்விதிகளே கூறுகின்றன. நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை ஆகியனவும் கணக்கிற்குப் புறம்பு. பொதுவான செய்திகளையும் தற்செயலாக ஒத்துவரும் தொடர்களையும், தொடர்ந்தாற்போல் பதினான்கு சொல் வரையில், விலக்கிவிடலாம். இவ்விடத்து ஒன்று கருதத்தக்கது. ஆங்கிலத்தில் பதினான்கு சொல் என்பது ஒரு வாக்கியத்தின் பாதியாக இருக்கலாம். தமிழிலோ ஒரு குறட்பாவுக்கு ஏழு சீர். பதினான்கு என்பது ஏறத்தாழ இரண்டு குறட்பாக்களின் அளவு. எண்ணை மட்டும் நோக்குவார் இவ்வேறுபாட்டை நோக்குவதில்லை.

2020 ஏப்ரலில் மானியக் குழு மேலும் ஓர் அறிவிப்பினை வெளியிட்டது. தாம் முன்னர் வெளியிட்டதை, போதிய மேற்கோளும் ஒப்புதலும் இன்றி மீண்டும் அளித்து, அதனைப் புதியது என்று கூறிக் கல்விசார் நலன் பெறுதல் ஏற்கத்தக்கதன்று என்பது அதன் சாரம். இக்கூற்றில் மூன்று உறுப்புகள் உள. மேற்கோள் இன்மை ஒன்று. புதிது எனக் கூறல் ஒன்று. அதனால் நலன் பெறல் ஒன்று. மீண்டும் பயன்படுத்துதலே குற்றம் என அவ்வறிவிப்புக் கூறவில்லை. மறைத்துப் பயன்படுத்துதலையே அது குற்றம் என்கிறது.

உறுதிமொழி கூறுவது யாது?

ஆய்வேட்டின் முகப்பில் மாணவர் கையொப்பமிடும் உறுதிமொழியை நாம் எல்லோரும் அறிவோம். இவ்வேடு இதற்கு முன் வேறு எந்தப் பட்டத்திற்கும் பட்டயத்திற்கும் அளிக்கப்பட்டதன்று என்பது அதன் வழக்கமான வாசகம். அது பட்டத்தைப் பற்றிப் பேசுகிறதேயன்றி வெளியீட்டைப் பற்றிப் பேசவில்லை. இவ்வேறுபாடு தெரியாமையால் இருவகைப் பிழைகள் நிகழ்கின்றன.

தம் கட்டுரையைத் தம் ஏட்டில் சேர்த்தலே குற்றம் என்று அஞ்சுவார் ஒரு சாரார். அவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. மற்றொரு சாரார், இளமுனைவர் பட்டத்திற்கு அளித்த ஏட்டின் இயல்களை அப்படியே எடுத்து முனைவர் பட்ட ஏட்டில் வைத்துவிட்டு, 'என் எழுத்துத்தானே' என்று அமைதி கொள்வர். அஞ்ச வேண்டியவர்கள் இவர்களே. அவ்வியல்களுக்கு ஒரு பட்டம் முன்னரே வழங்கப்பட்டுவிட்டது. அதனைக் கூறாது கையொப்பமிடுவார் தம் உறுதிமொழியைத் தாமே பொய்யாக்குகின்றனர். இளமுனைவர் பட்ட ஆய்வினை விரித்து முனைவர் பட்ட ஆய்வாக்கும் வழக்கம் நம் தமிழ்த்துறைகளில் நெடுங்காலம் இருந்து வந்தது. நாமும் இளமுனைவர் பட்டம் பெற்றவர்களே. ஆதலின் பிறர்மேல் கல்லெறிவதாகக் கொள்ள வேண்டா. விரித்தல் தவறன்று, எது பழையது, எது புதியது என்று வரையிட்டுக் காட்டாமையே தவறு.

இதனினும் பெரிய நோய் ஒன்று உண்டு. ஒரு கட்டுரையைத் தலைப்பு மாற்றி மூன்று கருத்தரங்குகளில் படித்து, மூன்று கோவைகளில் அச்சேற்றி, பணி உயர்வு வேண்டும்போது மூன்றெனக் கணக்குக் காட்டும் வழக்கம் அது. ஆசிரியராகிய நாம் இதனைச் செய்துகொண்டே, மாணவர் தம் ஏட்டில் தம் கட்டுரையைச் சேர்த்தார் என்று கடிதல் முறையாகாது.

'வழி' என்னும் ஓர் உறுப்பு

தமிழ் மரபு இச்சிக்கலை முன்னரே கண்டு தீர்வும் வைத்துள்ளது. சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரை அடுத்து நிற்பது 'வழி'. இந்நூல் எதன் வழியே வந்தது என்பதைக் கற்பார்க்கு நூலின் வாயிலிலேயே கூறிவிட வேண்டும். வழிநூல் செய்வதும் சார்புநூல் செய்வதும் நம் மரபில் இழிவல்ல. வழிநூலை முதல்நூல் என்று காட்டுவதே இழிவு. பிறர் நூலுக்கு இவ்வாறாயின், தம் முன்னை எழுத்துக்கும் இதுவே அளவுகோல் ஆதல் வேண்டும். மீண்டும் கூறுதல் வேறொரு பயனைத் தருமிடத்துக் கூறியது கூறல் குற்றமாகாது என உரையாசிரியர்கள் அமைதி காட்டுதலும் ஈண்டு நினையத்தக்கது.

இசுலாமியக் கல்வி மரபும் இதனையே வேறொரு வாயிலால் உணர்த்துகிறது. இமாம் புகாரி அவர்கள் தொகுத்த நபிமொழித் திரட்டில் ஒரே நபிமொழி பல இடங்களில் மீண்டு வரும். மீள்வனவற்றையும் சேர்த்து எண்ணினால் ஏழாயிரத்திற்கு மேல். மீள்வனவற்றை நீக்கி எண்ணினால் ஏறத்தாழ 2600 என்று இப்னு ஹஜர் அவர்கள் கணக்கிட்டார்கள். செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தன என்னும் கருத்துடைய நபிமொழி அந்நூலின் தொடக்கமாக அமைந்து, பின்னர் ஈமான், அடிமை விடுதலை, ஹிஜ்ரத், திருமணம், சத்தியம், தந்திரங்கள் ஆகியன பற்றிய பகுதிகளிலுமாக ஏழு இடங்களில் வருகிறது. இதனைக் கூறியது கூறல் என எவரும் இகழ்ந்திலர். ஏனெனில் ஒவ்வோரிடத்தும் அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாது உடன் வருகிறது. ஒவ்வோரிடத்தும் அந்நபிமொழி வேறொரு சட்டத்திற்குச் சான்றாகி நிற்கிறது. மீட்சி உண்டு; மறைவு இல்லை.

மறைவுக்கு அக்கல்வியில் தனிப்பெயரே உண்டு. 'தத்லீஸ்' என்பர். அறிவிப்பாளர் ஒருவர் பொய் கூறாமலே, தாம் யாரிடம் கேட்டார் என்பதைத் தெளிவுபடுத்தாது, நேரே கேட்டாற்போலத் தோன்றுமாறு அறிவித்தல் அது. சொன்ன செய்தி உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் வந்த வழி மறைக்கப்பட்டமையால் அறிவிப்பின் வலிமை குன்றும். தம் பழைய கட்டுரையைப் புதிய இயல் என்று காட்டுவார் செய்வதும் இத்தகையதே. அவர்கள் பிறர் பொருளைத் திருடவில்லை. வந்த வழியை மறைக்கின்றனர்.

உவைஸ் அவர்களின் உழவு

ஒரே பொருளைப் பல்லாண்டுகள் எடுத்தாள்வதே தவறோ என்று மாணவர் மயங்குதல் கூடும். இலங்கைப் பேரறிஞர் ம.மு. உவைஸ் அவர்களின் வாழ்வு அம்மயக்கத்தைத் தீர்க்கும். தமிழிலக்கியத்திற்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினை அவர்கள் முதுகலைப் பட்டத்திற்கு ஆராய்ந்தார்கள். அவ்வாய்வு 1953இல் ஆங்கில நூலாயிற்று. பின்னர் முனைவர் பட்டத்திற்கு முஸ்லிம் காப்பியங்களை எடுத்துக்கொண்டார்கள். அதன் பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து, பீ.மு. அஜ்மல்கான் அவர்களோடு இணைந்து, இசுலாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார்கள். சீறாப்புராணமும் பிற காப்பியங்களும் இவ்வுழைப்பில் திரும்பத் திரும்ப இடம்பெறாமல் இருக்க இயலுமா? உழவர் ஆண்டுதோறும் அதே நிலத்தைத்தான் உழுகின்றனர். சென்ற ஆண்டு நெல்லை இவ்வாண்டு விளைச்சல் என்று அளந்து காட்டினால்தான் அது வஞ்சனை.

மேலைநாடுகளிலும் இக்கருத்து வேரூன்றியுள்ளது. ஸ்வீடன், நெதர்லாந்து முதலிய நாடுகளில், வெளியிட்ட கட்டுரைகளை அப்படியே தொகுத்து, அவற்றை இணைக்கும் விரிவான முன்னுரையோடு முனைவர் பட்டத்திற்கு அளித்தல் பல துறைகளில் இயல்பான வழக்கம். அங்குக் கட்டுரை வெளிவந்த இதழின் பெயர் ஏட்டிலேயே குறிக்கப்படுகிறது. மறைப்பதற்கு அங்கு ஏதும் இல்லை; முன்னரே வெளிவந்தது என்பதே அவ்வேட்டின் மதிப்பு.

ஒரு மறுப்பு

முன்னரே அச்சேறியதற்கு மீண்டும் ஏன் பட்டம் தர வேண்டும், ஆய்வேடு முற்றும் புதிதாக இருத்தலன்றோ முறை என வினவுவார் உளர். நேர்மையான வினாவே. ஆனால் பட்டம் வழங்கப்படுவது ஆய்வுக்கேயன்றி அச்சுக்கன்று. அவ்வாய்வு அம்மாணவருடையதாயின், அக்கட்டுரை அதே ஆய்வின் விளைவாயின், வேறொரு பட்டத்திற்குப் பயன்படவில்லையாயின், இடையில் ஓர் இதழில் வெளிவந்தமை அதன் புதுமையைப் போக்கிவிடாது. கட்டுரையைக் காட்டிலும் இயல் விரிந்தும் ஆழ்ந்தும் இருத்தல் வேண்டும் என்று கேட்க நெறியாளர்க்கு உரிமை உண்டு. இரண்டு கட்டுரைகளை ஒட்டி வைத்து ஆய்வேடு என்று அளித்தால் மறுக்கவும் வேண்டும். அம்மறுப்பு ஏட்டைப் படித்தபின் எழ வேண்டும். எந்திரம் காட்டிய எண்ணைக் கண்டவுடன் எழுதல் ஆகாது.

செய்யத்தக்கன

ஆய்வு செய்யும் தம்பிமார்க்கும் தங்கையர்க்கும் நாம் கூற விழைவன சில.

கட்டுரை வெளியாகும்போதே, இதழாசிரியர் உரிமை முழுவதையும் எழுதி வாங்குகிறாரா என்று பாருங்கள். வாங்கினால், ஆய்வேட்டில் பயன்படுத்த எழுத்து வழி இசைவு பெற்று வையுங்கள். ஏட்டின் முன்னுரையிலேயே, இன்ன இயல் இன்ன இதழில் இன்ன ஆண்டில் வந்த கட்டுரையின் விரிவு என்று ஒரு பத்தி எழுதுங்கள். இயலின் முதற்பக்கத்திலும் அடிக்குறிப்பு இடுங்கள். சொல் மாறாது வரும் பகுதியை மேற்கோளாகவே அமையுங்கள். கட்டுரையில் நெறியாளர் பெயரும் சேர்ந்திருப்பின், எப்பகுதி தம்முடைய உழைப்பு என்பதைத் தெளிவாகக் கூறுங்கள். சொந்த வெளியீட்டோடு ஒத்த பகுதியை நெறியாளர் சான்றோடு விலக்கிக் கணக்கிடும் வழக்கம் சில பல்கலைக்கழகங்களில் உண்டு. தம் பல்கலைக்கழகத்தில் உண்டா என்பதை ஏட்டை அளிக்குமுன் கேட்டறியுங்கள்.

அளவைக் குறைப்பதற்காகச் சொற்களை மட்டும் ஒருபோதும் மாற்றாதீர்கள். கருத்தும் சான்றும் அதுவாகவே இருக்க, ஒப்புமையைக் கருவி காணாதவாறு சொல்லை மாற்றி எழுதுதலே மறைத்தல். மேற்கோளின்றித் தம் எழுத்தை வேறு சொற்களால் மீண்டும் எழுதுதலையும் 2020ஆம் ஆண்டு அறிவிப்பு விலக்கியே உள்ளது. நாம் கூறிய அறிவுரை விதிக்கும் மாறு, அறத்திற்கும் மாறு. அதனை நாம் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

அம்மாணவர் தம் பழைய இயல்களையே மீண்டும் எடுத்தார். கொண்டலும் கச்சானும் மடியும் பாடும் தத்தம் இடத்திற்குத் திரும்பின. முன்னுரையில் இரு கட்டுரைகளின் விவரமும் ஏறின, அடிக்குறிப்புகள் இடப்பட்டன, நெறியாளர் சான்று அளித்தார். குறிக்கப்பட்ட காலத்துள் ஏடு மீண்டும் அளிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. இதற்கு வேண்டியிருந்தவை ஒரு பத்தியும் சில அடிக்குறிப்புகளுமே. அவற்றை அவர்க்குத் தொடக்கத்திலேயே கற்பிக்காமை ஆசிரியராகிய நம் குறை.

வரும் ஆண்டு முதல் நன்னூற் பாயிரம் நடத்தும்போது குற்றங்களோடு நிறுத்திவிடாமல், உத்திகளையும் ஒவ்வொன்றாக விளக்குவது என்று துணிந்துள்ளோம். 'உரைத்தாம்' என்று எழுதப் பழகிய மாணவர் பின்னாளில் தம் எழுத்தைக் கண்டே அஞ்சி ஒளிய வேண்டிய நிலை நேராது.